மூன்று டப்பாவும் ஒரு ஜாடியும்

அந்த ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு வயிறு எரியும். பில் மெஷின் பழுதுபார்க்கும் அவர் மேசையில் முன்பு மூன்று டப்பாக்கள் இருந்தன. மெஷினில் மூன்று மாடல், மாடலுக்கு ஒரு டப்பா திருகாணி. ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து மச்சினன் மூன்றையும் ஒரே ஜாடியில் கொட்டிவிட்டான். "இடம் மிச்சம் மாமா" என்றான். வருஷங்கள் ஓடிவிட்டன, ஆத்திரம் மட்டும் போன பாடில்லை.

மச்சினனுக்குக் கை சும்மா இருக்காது. அக்கா வீட்டுக்கு வந்தால் செருப்பை அடுக்குவான், அடுப்படியில் சாமான்களை இடம் மாற்றுவான். அவன் போனபிறகு அவள் உப்பைத் தேடி அலைவாள். அந்த மெஷின்களைச் செய்யும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. மெஷினுக்குள் இருக்கும் பிரிண்டரை ஆட்டிவைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். மூன்று மாடலுக்கும் யார் யாரோ எழுதிப்போட்ட மூன்று டிரைவர்கள்; ஒரே சங்கதி மூன்றிலும் திரும்பத் திரும்ப வந்தது. அவனுக்குப் பொறுக்குமா? எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திருத்தி எழுதினான். மூன்றிலும் எழுதியிருந்தது மொத்தத்தில் பாதியாகச் சுருங்கியது. இனி பழைய மாடலிலும் புது வசதிகளுக்கு இடம் கிடைக்கும் என்று மேனேஜரிடம் வாக்கும் கொடுத்துவிட்டான்.

கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம் பழைய மாடல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

"என்ன மாப்ள, கால்ல சக்கரமா?"

"எழுதினது குறைஞ்சிருக்கு மாமா. மெஷின்ல ஏத்துறப்ப முன்னைவிடப் பெருசா நிக்குது. இதோட மெமரில நுழையவே மாட்டேங்குது. நாளைக்குப் பதில் சொல்லணும். இல்லேன்னா இந்த மாடலையே கைகழுவிடலாம்ங்கறாங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. சுற்றுவட்டாரக் கடைகளில் பாதி அந்த மாடல்தான். அவர் வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

"நீ சுத்தம் பண்ணா வேற எப்படி இருக்கும்" என்று முணுமுணுத்தார்.

மச்சினன் அதைக் காதில் வாங்கவில்லை. மெஷினைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அதில் ஒரு திருகாணி எகிறி எங்கோ ஓடிவிட்டது. ஜாடிக்குள் விரலை விட்டுத் துழாவினான். அகப்படவில்லை. பொறுமை போய் முழுவதையும் மேசையில் கவிழ்த்தான். மற்ற இரண்டு மாடல்களின் ஆணிகள் மலையாகக் குவிந்தன. அவனுக்கு வேண்டிய குட்டி ஆணி அடியில் கிடந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். வந்ததிலிருந்து அவன் ஆடாமல் நின்றது அப்போதுதான்.

"நான் எழுதினதும் இதான் மாமா. பழசு இப்ப மத்த ரெண்டோட சுமையையும் சேத்துத் தூக்குது."

"அன்னைக்கு நான் கத்துனது ஜாடிக்கு. உன் கம்பெனி வம்பு எனக்கெதுக்கு?"

"புதுசு ரெண்டும் தாங்கும். அதுல மெமரி தாராளம், ஒரே இடத்துல திருத்துறதும் சுலபம். பழசை மட்டும் பிரிச்சுடணும். வாக்குக் கொடுத்தது தப்புன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்கறேன்."

"கிழிப்பாரே."

"கிழிக்கட்டும்."

மெஷினை இடுக்கிக்கொண்டு படியிறங்கியவன் பாதியில் திரும்பி வந்தான்.

"மாமா, பழசோட ஆணியை மட்டும் பொறுக்கித் தனி டப்பாவுல போட்டு வைங்க. மத்தது கலந்தே இருக்கட்டும்."