தேத்தண்ணி நிறத்தில் ஒரு விட்டமின் சி

மலேசியாவில், கூலிம் டவுனில் ஒரு பார்மசியில் அழகுப் பொருள் கவுண்டரில் பதினெட்டு வருடம் நின்றேன். இப்போது சுங்கை பட்டாணியில் வேறொரு பார்மசியில் அதே வேலை. புதிதாகக் கவுண்டருக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து நாலு வருடம் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

திங்கட்கிழமை

காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் தேவகி வந்தாள். பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் ஃபேக்டரி பஸ் பிடித்துக் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலைக்குப் போகிறவள். முப்பது வயது இருக்கும். எப்போதும் சிரித்துக்கொண்டே வருவாள். அன்று முகக்கவசம் போட்டிருந்தாள். கவுண்டர் முன்னால் நின்று அதைக் கழற்றினாள்.

இரண்டு கன்னமும் வெந்தது போல இருந்தன. மூக்கின் ஓரங்களில் தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது.

"நீங்க குடுத்த சீரம்தான்கா," என்று போத்தலை என் முன்னால் வைத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் நான்தான் விற்றேன். பரு வந்து போன தழும்புகள் மங்க வேண்டும் என்று கேட்டாள். 'விட்டமின் சி 25%' என்று போட்டிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அதற்குள் இருந்தது பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"கலரு மாறுதேன்னு ஃபோன் பண்ணிக் கேட்டேன்ல? மாறுனா பவர் ஏறுதுன்னு அர்த்தம், விடாம போடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். சேல்ஸ்மேன் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அவளுக்குச் சிப் தயாரிக்கும் கிளீன் ரூமில் வேலை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே பவுடர் கூடப் போடக்கூடாது. ஒரு துளித் தூசி விழுந்தால் பொருள் வீண்.

"தோலு உதிருது, லைன்ல நிக்காதன்னு சூப்பர்வைசர் வெளிய அனுப்பிட்டாருக்கா. பேக்கிங்ல போட்டுருக்காங்க. அடுத்த மாசம் என் காண்ட்ராக்ட பாக்குறாங்க. இந்த மூஞ்சியோட எப்டிப் போயி நிப்பேன்?"

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு களிம்பும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் கொடுத்தார். ஃபேக்டரிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

போத்தலுக்குள் இருந்தது

அந்தச் சீரத்தைக் கடைக்குக் கொண்டு வந்தவர் ஜெகன் என்கிற சேல்ஸ்மேன். சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, காயத்துக்குப் போடும் அயோடின் இரண்டு சொட்டு விடுவார். தண்ணீர் பழுப்பாகும். அதில் சீரத்தை விட்டால் ஒரே நொடியில் தெளிந்துவிடும். "உங்க முகத்துல இருக்குற கறுப்பும் இப்டித்தான் போயிடும்," என்பார். முதலாளி அன்றைக்கே வாசல் கண்ணாடி ஜன்னல் முழுக்க அந்தப் போத்தல்களை அடுக்கச் சொன்னார். மேற்கு வெயில் நேராக விழுகிற ஜன்னல். நிறமில்லாத கண்ணாடிப் போத்தல்களை வரிசை பிசகாமல் அடுக்கியவள் நான்தான்.

கிளினிக்கிலிருந்து திரும்பியதும் தேவகியின் போத்தலை எங்கள் பார்மசிஸ்ட் மிஸ் லிம்மிடம் காட்டினேன். சின்ன வயது, அதிகம் பேசமாட்டார். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாராங் இனி சுடா ரோசாக், காக்," என்றார். மலாயில் அதற்கு, இந்தப் பொருள் கெட்டுப்போய்விட்டது அக்கா, என்று அர்த்தம்.

பிறகு நிதானமாகச் சொன்னார். அஸ்கார்பிக் ஆசிட்தான் விட்டமின் சி. தண்ணீரில் கரைத்து வைத்தால் வெளிச்சம், காற்று, சூடு மூன்றும் அதற்கு ஆகாது. நல்லதாக இருந்தால் தண்ணீர் போலவோ, வெளிறிய வைக்கோல் நிறத்திலோ இருக்கும். ஆரஞ்சாகி, பழுப்பானால் சத்து போய்விட்டது. சத்து போனாலும் புளிப்பு போகாது. அந்தப் புளிப்புதான் தேவகியின் கன்னத்தைத் தின்றிருக்கிறது. அதோடு, முதல் முதலாகப் போடுகிற தோலுக்கு இருபத்தைந்து சதவீதம் அதிகம். அவள் தினமும் ஸ்க்ரப் தேய்த்துக் கழுவுகிறவள் என்பது கிளினிக்கில்தான் தெரிந்தது; விற்கும்போது நான் கேட்கவே இல்லை. சன்ஸ்கிரீன் போடாமல் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதையும் கேட்கவில்லை.

கடைசியாக, அந்தச் சீரம் வந்த பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். இந்த நாட்டில் விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளுக்கும் சுகாதார அமைச்சில் பதிவான ஓர் எண் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் எந்த எண்ணும் இல்லை. எத்தனையோ பெட்டிகளை இந்தக் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

முதலாளி சொன்னது

அன்று மத்தியானமே முதலாளியிடம் போனேன்.

"பாஸ், ஜன்னல்ல இருக்குற சீரத்த எடுத்துரலாம். கெட்டுப் போச்சு."

"யாரு சொன்னா? எக்ஸ்பயரி இன்னும் ரெண்டு வருசம் இருக்குலா."

"அது நெழல்ல வச்சிருந்தா பாஸ். நாம வெயில்ல காய வச்சிருக்கோம்."

"அப்ப ஜன்னல்லேர்ந்து எடு. பாக்ஸ்குள்ள போட்டு வில்லு. பாக்ஸ்குள்ள இருந்தா கலரு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு மூஞ்சி வெந்து போயி நிக்கிது."

"நம்ம ஆளுங்க தோலு அப்டித்தான். கறுப்புத் தோலு, எதப் போட்டாலும் ஏதாச்சும் ஒண்ணு ஆவும். ஒரு கிரீம ஃப்ரீயா குடுத்து அனுப்பு."

அவரும் என்னைப் போலக் கறுப்புதான். அன்று வரை அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கெட்டுப்போன சரக்கைத் தள்ளிவிடுவதற்கு எங்கள் தோலையே குற்றவாளியாக்கினார் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டிகளில் போட்டு விற்கச் சொன்னார். நான் விற்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் ஸ்டாக் இல்லை என்றேன்.

வியாழக்கிழமை

ஜெகன் புதுச் சரக்கோடு வந்தார். கடையில் நாலு பெண்கள் இருந்ததைப் பார்த்ததும் டம்ளர் கேட்டார். நான் மூன்று டம்ளர் கொண்டு வந்து வைத்தேன். மூன்றிலும் அயோடினை நானே விட்டேன். பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

முதல் டம்ளரில் ஜெகன் தன் புதுப் போத்தலிலிருந்து சீரம் விட்டார். தெளிந்தது. பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

இரண்டாவதில் நான் லிமாவ் கஸ்தூரியைப் பிழிந்தேன். அதுவும் தெளிந்தது.

ஒரு அம்மா என்னைக் கேட்டார், "அப்ப எலுமிச்சங்காயயே மூஞ்சில தேச்சுக்கலாமா சரசு?"

"தேச்சுடாதீங்க அக்கா, வெந்துரும். விட்டமின் சி எதுல இருந்தாலும் இந்தத் தண்ணி தெளியும். அதுக்கும் மூஞ்சிக்கும் சம்பந்தமே இல்ல. அதத்தான் காட்டுறேன்."

மூன்றாவதில் எங்கள் ஜன்னல் போத்தலிலிருந்து விட்டேன். இரண்டு சொட்டு. ஐந்து சொட்டு. பத்து சொட்டு. தண்ணீர் பழுப்பாகவே நின்றது.

ஜெகன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அது ஸ்டோரேஜ் பிரச்சன அக்கா," என்றார் மெதுவாக.

"கலரு மாறுனா பவர் ஏறும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க? பெட்டியில நம்பர் எங்க?"

அவர் பையை மூடினார். முதலாளி என்னைப் பின்னால் கூப்பிட்டார்.

"கடைய நடத்துறது நானா, நீயா?"

"நீங்கதான் பாஸ். ஆனா அவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்றது நானு."

அன்று சாயங்காலம் எல்லாப் போத்தல்களையும் ஒரு அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டு, மேலே பெரிதாக 'ரோசாக்' என்று எழுதினேன். மிஸ் லிம் எண் இல்லாத பெட்டியைப் படம் எடுத்துச் சுகாதார அமைச்சுக்குப் புகார் அனுப்பினார். மறுநாள் ஜெகன் வந்து சரக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் பிறகு அவரைப் பார்க்கவில்லை. முதலாளி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார். நான் வேலையை விட்டேன்.

இப்போது நான் செய்வது

யாராவது விட்டமின் சி சீரம் கேட்டால் முதலில் நான்தான் கேள்வி கேட்கிறேன். எதற்கு வேண்டும், வேறு என்ன போடுகிறாய், எரிகிற தோலா? புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பத்து சதவீதம் போதும். அதுவும் எரிந்தால், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்று எழுதியிருக்கும் மிதமான வகையைக் காட்டுகிறேன். கறுத்த போத்தல், காற்றுப் புகாத மூடி. கூடவே விட்டமின் ஈ, ஃபெரூலிக் ஆசிட் இருந்தால் நல்லது, சீக்கிரம் கெடாது. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்கிறேன். காலையில் போட்டு, மேலே சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் வாங்க வசதி இல்லை என்றால் சீரத்தை விட்டுவிட்டு அதை மட்டும் வாங்கச் சொல்கிறேன். திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்குள் நிறம் மாறினால் அன்றைக்கே வீசிவிடு என்கிறேன். 'முகம் வெள்ளையாகுமா?' என்று கேட்டால், ஆகாது, ஆகவும் வேண்டாம் என்கிறேன். சில பேர் முகம் சுளித்துவிட்டுப் போகிறார்கள்.

தேவகிக்கு இரண்டு வாரத்தில் தோல் உரிவது நின்றது. டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி லைனில் சேர்த்தார்கள். காண்ட்ராக்டும் கிடைத்தது. ஆனால் வெந்த இடங்கள் பருத் தழும்பை விடக் கறுத்துப் போயின. மங்குவதற்கு ஒரு வருடம் ஆனது. எதைப் போக்க வந்தாளோ அதையே கூட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

வேலையை விட்ட பிறகு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லக்கா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாள்.

அவள் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அவள் என்னை நம்பித் தினமும் முகத்தில் பூசினாள். கம்பெனிக்காரர் சொல்வதை லேபலைப் படிக்காமல் திருப்பிச் சொல்லாதீர்கள், தங்கச்சிகளே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கெட்டதைக் கெட்டது என்று சொல்லுங்கள். அதற்காக உங்களை வேலையை விட்டு எடுத்தால், எடுக்கட்டும்.