நாலாவது ஆபீஸ்

இதை நம்பாதவர்கள் வேங்கிக்காலுக்குப் போய் வினோதினியையே கேட்டுக்கொள்ளலாம். மெனக்கெட்டுப் பொய் சொல்லும் அளவுக்கு அவள் எவரையும் மதித்ததில்லை.

ஊர் ஓரத்தில், கலையரசன் என்பவரிடமிருந்து, வாசலில் வேப்பமரம் நின்ற ஒரு வீடு வாங்கியிருந்தாள். வீட்டு வரியை எந்த ஆபீஸில் பேர் மாற்றுவது? அதைக் கேட்கத்தான் அன்று காலை ஸ்கூட்டியை எடுத்தாள்.

முதல் ஆபீஸில் இருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அந்தத் தெரு டவுனோட சேந்துடுச்சு. அங்க போங்க.”

இதற்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஃபேன் வேறு என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள். வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர். ஒரு காலில் மட்டும் செருப்பு.

“இங்க இல்லம்மா,” என்றார்.

பைத்தியம் என்று தாண்டிப் போனாள்.

டவுன் ஆபீஸில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “உங்க தெரு இன்னும் எங்களாண்ட வரலம்மா,” என்றார் ஒருவர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தாலே அதிசயம். வெளியே வந்தாள்.

பெஞ்சில் அதே பெரியவர்.

“வேப்பமரத்து வீடுதானே? இங்கயும் இல்லம்மா.”

வீட்டைப் பற்றி அவரிடம் அவள் வாயே திறக்கவில்லையே... ஸ்கூட்டியில் நேராக வந்தவளை முந்திக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, எப்படி? எவனோ புரோக்கர் என்று உதட்டைச் சுழித்தாள். ஆனாலும் தெரு முனை வரை கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது ஆபீஸ். நீளமான வராந்தா. கரண்ட் இல்லை. கவுன்டரில் இருந்த பெண், வினோதினியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“உங்க அப்பாவ உக்காரச் சொல்லுங்க மேடம். பாவம், எவ்ளோ நேரம் நிப்பாரு?”

வினோதினி தனியாகத்தான் வந்திருந்தாள்.

திரும்பவில்லை.

சரக்...

சரக்...

ஒரு காலின் சத்தம் மட்டும்.

காதருகே சில்லென்று ஒரு மூச்சு. “நாலாவது ஆபீஸ் எனக்குத் தெரியும். வா.”

ஓடினாள்.

வீட்டுக்குப் போகப் பயந்து, பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே நின்று கலையரசனுக்குப் போன் போட்டாள். பெரியவரின் அடையாளத்தைச் சொன்னாள்.

“அது எங்க அப்பாம்மா. ஆதிமூலம்,” என்றார் அவர். “என் பேர்ல இருந்த அந்த வீட்டுக்கு வரி எங்க கட்டணும்னு கேட்டுட்டு வரேன்னு கிளம்பினாரு. வழியில லாரி அடிச்சிடுச்சு. நான்தான் கொள்ளி வெச்சேன்.”

“எப்போ?”

“மூணு வருஷம் ஆவுது. செத்த இடம் எங்க எல்லையில இல்லன்னு ஒவ்வொரு ஆபீஸா தள்ளிவிட்டாங்க. இன்னி வரைக்கும் அவர் செத்துட்டாருன்னு ஒருத்தரும் எழுதித் தரலம்மா.”