வெட்டி எறிந்த நுரை

அந்தக் குளத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அங்கே நான் எடுத்த படத்தை நினைத்தால் அதைவிட அதிகமாகக் குமட்டும்.

மலேசியாவில் சுவா என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில், ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் என் அக்கா இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால்தான் குளம். எண்ணெய் மில்லின் கழிவு ஒரு குழாய் வழியாக அதில் வந்து விழும். புளித்துப்போன கஞ்சியில் எண்ணெயை ஊற்றிக் கிளறின மாதிரி ஒரு வாடை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டாலும் மூக்கை விட்டுப் போகாது. கரையோரம் பழுப்பு நுரை, அதில் வயிறு மேலே தெரியச் செத்துக் கிடக்கும் மீன்கள், மீன்மேல் ஈ. மழை பெய்தால் இத்தனையும் அக்கா வீட்டுப் பின்வாசலுக்கு ஏறி வந்துவிடும். அதை மிதித்து மிதித்து அவள் கணுக்காலைச் சுற்றிப் புண்.

அக்கா சுற்றுச்சூழல் ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். படம் இருந்தால் கொண்டு வாருங்கள், அப்புறம் ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். எனக்குப் போன் போட்டாள்.

"நீதான் பெரிய கேமரா வச்சிருக்கியே. வந்து நாலு படம் புடிச்சுக் குடுடா. அதப் பார்த்தாதான் வருவாங்களாம் லா."

நான் கொஞ்சம் தள்ளி மம்பா என்ற ஊரில் இருக்கிறேன். படக் கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டத்தில் நானும் ஒருவன். போனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. அங்கே யார் படம் போட்டாலும் அக்கு அக்காகப் பிரிப்பார்கள். அடிவானத்தை நட்டநடுவில் வைக்காதே, சூரியனை ஓரமாகத் தள்ளு, கண்ணை உறுத்துகிற குப்பையை வெட்டு என்பார்கள். நான் கடற்கரைக்குப் போய் எடுத்த மாலைச் சூரியன் எல்லாமே "தட்டையா இருக்கு லா" என்ற ஒரே பேச்சில் அடிபட்டுப் போயிருந்தது.

அக்கா வீட்டுக்குப் போய், கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு குளக்கரையில் இறங்கினேன். முதலில் யோக்கியமாகத்தான் எடுத்தேன். குழாய், மீன், குழாயைக் கைகாட்டி நிற்கும் அக்கா. பிறகு சூரியன் செம்பனைகளுக்குப் பின்னால் சரிந்தது. எண்ணெய் படிந்த தண்ணீரில் அலையே எழவில்லை. மொத்த வானமும் ஒரு சுருக்கம் இல்லாமல் அதன்மேல் விரிந்து கிடந்தது. கடலில் எனக்குக் கிடைக்காத பிரதிபலிப்பு இந்தச் சாக்கடையில் கிடைத்தது. நாற்றம் மறந்தே போனது.

குந்தி உட்கார்ந்து கேமராவைத் தண்ணீரை ஒட்டிப் பிடித்தேன். அடிவானத்தை மேலே ஏற்றினேன். சூரியனை இடப்பக்கம் தள்ளினேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. உன் நெழல் விழுது."

குழாயைத்தான் நன்றாக எடுக்கிறேன் என்று நம்பி அவள் ஒதுங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தினேன். கீழே இருந்த நுரையை வெட்டி எறிந்தேன். குழாயை அழித்தேன். மிதந்த மூன்று மீன்களையும் விரலால் தேய்த்து எடுத்தேன். மற்ற படங்கள் கோணலாக இருந்தன. மோசமான படத்தை வெளியே விட எனக்கு மனசு வராது, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் அக்காவுக்கும் குழுவுக்கும் அனுப்பினேன். குளம் தெரிகிறதே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழுவில் ஒரே பாராட்டு. எந்த இடம், அடுத்த வாரம் எல்லாரும் போகலாமா என்று கேட்டார்கள். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் படவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள்.

"படத்தக் கொண்டுபோய்க் காட்டினா அந்த ஆபீஸ் ஆளு பார்த்துட்டுச் சிரிக்கிறாருடா. இவ்ளோ அழகான எடத்துல இருந்துக்கிட்டு என்னம்மா கம்ப்ளேன்ட்னு கேக்குறாரு. ஃபைல மூடிட்டாரு. நான் உன்கிட்ட என்னடா கேட்டேன்?"

அன்றைக்குக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக அங்கே ஓடினேன். மத்தியானம் மழை கொட்டியிருந்தது. குளம் பின்வாசல் படிவரை வந்து நுரைத்துக் கிடந்தது. அந்தச் சகதியில் நின்று கேமராவைத் தூக்கினேன். மேலே வானம் சிவந்திருந்தது. வெட்கம் கெட்ட என் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிச் சூரியனை எங்கே வைப்பது என்று தேட ஆரம்பித்தது.

அக்கா கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். கிட்டே வந்து கேமராவின் மூக்கைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"வானம் அந்த ஆபீஸ்லயுந்தான் தெரியும். கீழ பாரு."

கீழே அவள் கால்கள். புண்ணின் விளிம்பில் நுரை ஒட்டியிருந்தது, அதில் ஈ உட்கார்ந்திருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. படம் தெளிவாக விழ இன்னும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன்.

"சீக்கிரம் எடுடா," என்றாள் அக்கா. "எரியுது."