வானத்தில் வந்ததில் ஒரு கீறல்

எங்கள் தோல் ஷாப்பு மேஸ்திரி ஒரு பொய்யர். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பது என் வேலை. பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறல், உண்ணிக்கடி, தழும்பு பார்த்து, முதல் தரமா இரண்டாம் தரமா என்று சொல்ல வேண்டும். கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. மேஸ்திரிக்கு என்னைவிடப் பெரிய கண் என்று பேர். அவர் சொன்னால் முதலாளியே மறுத்துப் பேசமாட்டார்.

அன்று சாயங்காலம் ஷாப்பு மொட்டை மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேரணாம்பட்டு மலைப் பக்கமிருந்து வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. இறக்கை இல்லை, சத்தம் இல்லை. எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. வேறு ஊர்க்காரன் ஓடியிருப்பான். நாங்கள் தரம் பிரித்தோம்.

“இன்னா பாய், பத்து சதுர அடி வருமா?” என்றேன்.

“பன்னெண்டு. வயித்துப் பக்கம் அகலம் ஜாஸ்தி, பாரு,” என்றார் மேஸ்திரி. “வழவழன்னு கீது. முதல் தரம்.”

“கீழ ஒரு கீறல் இருக்கு பாய். ரெண்டாந்தரம்.”

“அது நெழலுடா.”

“நெழலு நகரும். இது நகரல.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி தோல் பாத்தவன் நான். எனக்கே சொல்றியா?”

“யோவ், அது போய்ட்டுதுய்யா!” என்றார் பக்கத்தில் நின்ற சாயக்காரர். எந்தப் பக்கம் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சாயக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாணியம்பாடியிலிருந்து யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார். அளவு கேட்டார். பன்னிரண்டு சதுர அடி என்று மேஸ்திரி கணக்கையே மரியாதையாகச் சொன்னேன்.

“எவ்ளோ உயரத்துல பறந்துச்சு?”

“அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல. கீழ்ப்பக்கம் கீறல் இருந்துச்சு.”

அவர் மைக்கை மேஸ்திரி பக்கம் திருப்பினார். “அய்யா, கீறல் இருந்துச்சா?”

இருந்தது என்றால் என்னிடம் தோற்றதாகிவிடும். இல்லை என்று சொல்லவும் முடியாது. சாயக்காரரும் கீறலைப் பார்த்திருந்தார், பக்கத்திலேயே நின்றார். மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“வானத்துல ஒண்ணுமே வரல. இவனுக்குக் கண்ணு பேஜாராய்டுச்சு.”

ஒரு கீறலை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வானத்தில் வந்த வண்டியையே இல்லாமல் செய்துவிட்டார்! மேஸ்திரி சொல்லை மறுக்கப் பயந்து சாயக்காரரும் நழுவிவிட்டார்.

வீடியோவை முதலாளி பார்த்தார். இப்போது நான் பிரித்த தோலையெல்லாம் மறுபடி ஒருவர் புரட்டிப் பார்க்கிறார். இப்படியே போனால் என்னை மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்கள். வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். “வானத்துக்கும் சேத்துதானே?” என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லாரும் ஷாப்பு எதிர் டீக்கடைக்குத்தான் வருவார்கள். முதலாளியும் வருவார். மேஸ்திரி அங்கே எல்லார் முன்னாலும் பதில் சொல்லட்டும். கீறல் இல்லை என்றே சொல்லட்டும், பரவாயில்லை. எதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.