மூத்தாள் குழிக் கொசு

மூன்று மாதம் முன்பு வரை அபோந்தி ஏரிக்கரைச் சந்தையில் ஓமெனா மீன் விற்றாள். இப்போது கொசு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. நுண்ணோக்கியின் கீழே இரண்டு ஊசியால் கொசுவின் வயிற்றைக் கிழிக்க வேண்டும். மற்றவர்கள் சம்பளத்துக்குக் கிழித்தார்கள். இவள் வஞ்சம் தீர்க்கக் கிழித்தாள். நாலு வயது மகள் அவினோவை மலேரியா கொண்டுபோய் ஒன்பது வருஷம் ஆகிறது.

கொசுவைச் சபித்தால் மட்டும் வயிற்றெரிச்சல் ஆறுமா? அவளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. புருஷனின் மூத்தாள் அகேலோவின் முகம் பக்கத்திலேயே இருந்தது. ஒரே வளவு, மூத்தாளின் மண்வீட்டுக்கு வலப்பக்கம் இளையாளான இவளின் செங்கல் வீடு. மூத்தாளின் கழிப்பறைக் குழியிலிருந்து பொழுது சாய்ந்தால் கொசு புகையாய்க் கிளம்பும். மகளின் பிணத்தை எடுத்த அன்றே அகேலோமேல் மண்ணை வாரித் தூற்றிய அபோந்தி, பிறகு அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

கூடத்தில் ஒரு சோதனை வந்தது. மலேரியாக் காய்ச்சல்காரர் ரத்தத்தைப் பல ஜாதிக் கொசுக்களுக்கும் ஊட்டி, எதன் வயிற்றில் கிருமி வளர்கிறது என்று பார்ப்பார்கள். அபோந்தி மூத்தாளின் குழியில் கொசுப்புழுவைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போனாள். உடன் வேலை செய்யும் ஓதெரா பாட்டிலைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த ஜாதி மலேரியா பரப்பாதுக்கா."

"நீ அறுத்துப் பாத்தியா? வாயை மூடு."

போதாக்குறைக்கு ஊர்த் தலைவர் கூட்டத்தில் சவாலும் விட்டாள். "அடுத்த கூட்டத்துக்கு ருசுவோட வர்றேன். கொலைகாரி யாருன்னு ஊரே பாக்கட்டும்!"

"கொண்டு வாடி," என்றாள் அகேலோ. "இத்தனை வருஷம் வாயாலதானே கொசு பிடிச்சே?"

கூட்டம் சிரித்தது.

ஒப்பிட வேறு ஜாதியும் வேண்டும் என்று ஓதெரா அபோந்தியின் வாசலுக்கு எதிரே இருந்த செங்கல் குழியில் அள்ளிவந்தான். வெயில் படும் தெளிந்த தண்ணீர். தன் வீட்டுக்குச் செங்கல் அறுக்க, அவினோ சாவதற்கு முந்தின வருஷம் அபோந்தி வெட்டிய குழி. "அதை மூடுடி, ஆடு விழுது" என்று மூத்தாள் சொன்னபோது, செங்கல் வீட்டைப் பார்த்துப் பொறாமை என்று மூடாமல் விட்டது.

புழுக்கள் கொசுவானதும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ரத்தம் ஊட்டினார்கள். எட்டாம் நாள் அபோந்தியே அறுத்தாள். மூத்தாள் குழிக் கொசு நாற்பது; ஒன்றில்கூடக் கிருமி இல்லை. செங்கல் குழிக் கொசுவில் முதல் வயிற்றிலேயே கொப்புளம் கொப்புளமாய்க் கிருமி. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதை அறுக்க அவள் கை வரவில்லை.

கூட்டத்தன்று அகேலோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "ருசு எங்கடி?"

அங்கே யாரும் நுண்ணோக்கியைக் கண்டதில்லை. பொய் அபோந்தியின் நாக்கு நுனிவரை வந்தது. அவினோவின் பெயரில் அதைச் சொல்ல முடியவில்லை.

"உன் குழி இல்ல. என் குழிதான்."

அகேலோ எழுந்தாள். முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தரம் சொல்லு."

அபோந்தி சத்தமாகச் சொன்னாள்.