இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஒரு மாமனார் வீடு

முதலில் வந்தது செருப்புத் தடம். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் கம்பெனி விட்டு வந்து செருப்பைக் கழற்றினால், வார் அழுந்திய இடம் இரண்டு பாதத்திலும் பள்ளமாக நிற்கும். பனியன் செக்கிங்கில் பகல் முழுக்க நின்றபடியே துணி பார்க்கிறவர்கள் நாங்கள். சாயங்காலமானால் எங்கள் டேபிளில் எல்லோருக்குமே கால் கொஞ்சம் உப்பும். "நின்னா வீங்காம என்ன பண்ணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். வீக்கமும் வேலையில் சேர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

தூங்கி எழுந்த பிறகும் வீக்கம் இருந்தால் அது நின்றதால் வந்தது அல்ல. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மாலினி, கவின், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். அப்பா ஏன் உங்கள் அம்மாவின் ஊருக்கு ஒரே ஒரு முறை, அதுவும் விருந்தாளி மாதிரி போய்விட்டு ஓடிவந்தேன் என்று நீங்கள் பெரியவர்களானதும் யோசிப்பீர்கள். என்னைப் போல வெளிநாட்டில் பெண் எடுத்து, நோயோடு பயணம் போக நினைக்கிறவர்களுக்கும் இது உதவட்டும்.

காலையிலும் வீக்கம் வடியாமல் போகவே எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டுவது) மிக அதிகமாக இருந்தது. பல வருடம் தெரியாமலே இருந்த இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகத்தையும் சுருக்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது). இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாக இரண்டு இரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைப்பது) வைத்தார்கள். அந்த இடம் இப்போது கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. தொட்டால் உள்ளே இரைகிறது. கவின் அதில் காதை வைத்து "மோட்டார் ஓடுதுப்பா" என்பான்.

உங்கள் அம்மா நிலூகாவை நான் பார்த்தது ஜோர்டானில். ஒரே கார்மென்ட்ஸில் நான் லைன் சூப்பர்வைசர், அவள் ஓவர்லாக் டெய்லர். இலங்கையில் குருநாகல் பக்கம் ஒரு கிராமம் அவளுடையது, சிங்களக் குடும்பம். அங்கேயே இருவரும் பதிவு செய்துகொண்டு நேராகத் திருப்பூர் வந்துவிட்டோம். அவள் அப்பாவை, அதாவது உங்கள் அப்புச்சியை, நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். அவர் தென்னந்தோட்டத்தில் மரம் ஏறுகிறவர். ஒவ்வொரு வருடமும் இந்த ஷிப்மென்ட் போகட்டும், அடுத்த ஷிப்மென்ட் போகட்டும் என்று தள்ளினோம். பிறகு கொரோனா வந்தது. பிறகு அவர்கள் நாட்டில் பெட்ரோலும் மருந்தும் இல்லாத காலம். பிறகு என் சிறுநீரகம்.

போன வருடம் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றியிருந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். போனில் பேச்சு காற்றாகத்தான் வந்தது. நிலூகா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, பசங்களைக் கேக்கலைங்க. உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொல்றாரு. மருமகனுக்கு இன்னும் ஒரு எளநீ கூட வெட்டிக் குடுக்கலையாமா."

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். அவர் இருக்கும்போதே அந்த வாசலில் போய் நின்றுவிட வேண்டும்.

விசா நான் பயந்த அளவுக்கு இல்லை. எனக்கும் உங்களுக்கும் இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் சுற்றுலா அனுமதி போதுமாக இருந்தது. அங்கே பல மாதம் தங்க நினைக்கிறவர்களுக்கு வாழ்க்கைத்துணை விசா தனியாக உண்டு. அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டில் பதிந்ததானால் அதற்கு அத்தாட்சியும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தடையாக நின்றது நிலூகாவின் விசாதான். இலங்கை பாஸ்போர்ட்டில் இங்கே தங்கியிருப்பவள் அவள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். அது கைக்கு வராமல் கிளம்பினால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும் என்றார்கள். தன் சொந்த ஊருக்குப் போக அவள் எங்கள் ஊர் அனுமதிக்காகக் காத்திருந்தாள். வெளிநாட்டுத் துணை உள்ளவர்கள் இருவரின் தேதிகளையும் பாருங்கள். நாம் நம் விசாவைத்தான் பார்ப்போம்.

காப்பீடு வேறு கதை. பல்லடம் ரோட்டில் எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் தம்பி வீட்டுக்கே வந்தான். உங்கள் இருவருக்கும் அம்மாவுக்கும் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டான். என் பெயர் வந்ததும் பேனாவை மூடினான்.

"அண்ணா, முன்னாடியே இருக்கற நோய்ங்கற எடத்துல இல்லைன்னு போட்டரலாங்களா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

நிலூகா என் இடது கையைப் பிடித்து அவன் முன்னால் நீட்டினாள். "அங்க ஆஸ்பத்திரியில இதைப் பார்த்தா என்னன்னு சொல்றதுங்க தம்பி? கொசு கடிச்சதுன்னா?"

உள்ளதை உள்ளபடி எழுதினோம். பாலிசி வந்தது. பெட்டி தொலைந்தால் தருவார்கள், விமானம் தாமதமானால் தருவார்கள், கால் உடைந்தால் தருவார்கள். சிறுநீரகம் சம்பந்தமாக எது வந்தாலும் தரமாட்டார்கள். எனக்கு இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி உடம்புக்கெல்லாம் காவல். சில கம்பெனிகள் உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு மட்டும் ஓரளவு தருவதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். பொய் எழுதி வாங்கிய பாலிசி, தேவைப்படும் அன்றைக்கு வெறும் காகிதம்.

டாக்டரம்மா வேறு வழி சொன்னார். அங்கே ஒரு மருத்துவமனையில் முன்கூட்டியே டயாலிசிஸ் இடம் பிடிக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் புதிதாக எடுத்த பரிசோதனை முடிவுகள், கடைசியாகச் செய்த டயாலிசிஸ் குறிப்புகள், பயணத்துக்குத் தகுதி என்ற கடிதம் எல்லாம் அனுப்ப வேண்டும். அனுப்பினோம். இடம் காலியானதும் சொல்கிறோம் என்று பதில் வந்தது. இதற்குள் நிலூகாவின் அனுமதி புதுப்பித்து வந்துவிட்டது. அப்புச்சியின் குரல் நின்றுவிட்டது. போனில் கையை மட்டும் ஆட்டினார்.

"வெள்ளிக்கிழமை முடிச்சுட்டுப் போயி, திங்கக்கிழமை இங்க வந்து படுத்துக்கறேனுங்க" என்றேன்.

டாக்டரம்மா என் அறிக்கைகளை மறுபடி புரட்டினார். "வாரத்துலயே அந்த ரெண்டு நாள் இடைவெளிதான் ஆபத்தானது. நீங்க போகாம இருந்தா எனக்கு நிம்மதி."

"எனக்கு இருக்காதுங்க."

பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார். தண்ணீர் வழக்கத்தில் பாதி. உப்பு இல்லை, பழம் இல்லை. கடைசி வரியை அடிக்கோடிட்டு வாயாலும் சொன்னார். "இளநீர் ஒரு வாய் கூடக் கூடாது. அதுல பொட்டாசியம் (தசைகளையும் இதயத்தையும் இயக்கும் உப்பு) அதிகம். உங்களால அதை வெளியேத்த முடியாது. இதயம் நின்னுரும்." இது என் அறிக்கையைப் பார்த்து எனக்குச் சொன்ன பதில். உங்கள் மருத்துவர் போகவே கூடாது என்று சொன்னால் போகாதீர்கள்.

நிலூகா கடைசிவரை மறித்தாள். "நாங்க மூணு பேரும் போய்ட்டு வந்தர்றோங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." நான் கேட்கவில்லை. திருச்சியிலிருந்து விமானம். உட்கார்ந்து பெல்ட் போட்டு முடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று உங்கள் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே அழுதாள்.

அந்த வீடு உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் செவ்விளநீர் குலையோடு கிடந்தது. தன்னால் ஏற முடியாததால் அப்புச்சி பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிப் பறித்து வைத்திருந்தார். அவரைக் கட்டிலில் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். மூக்கில் குழாய், மேலே புதுச் சட்டை. காலைத் தொட்டேன். என் தலையில் கை வைத்து, "புதா" என்று உதட்டை அசைத்தார். மகனே என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றைச் சீவிக் கொடுத்தார். அப்புச்சி அதை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் நீட்டினார். கொஞ்சம் என் விரலில் சிந்தியது. ஜில்லென்றிருந்தது. காலையிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது எனக்கு.

வாங்கிக்கொண்டேன். என் கை வாய்ப்பக்கம் போனதா என்று எனக்குத் தெரியாது. நிலூகா என் மணிக்கட்டைப் பிடித்தது தெரியும். சிங்களத்தில் அவரிடம் சொன்னாள். என் சட்டைக் கையைச் சுருட்டிப் புடைப்பைக் காட்டினாள். அவர் விரலை அதன்மேல் வைத்தார். உள்ளே இரைவதைக் கேட்பவர் போலக் கண்ணை மூடினார். பிறகு தன் மூக்குக் குழாயைத் தொட்டுக் காட்டினார், என்னைக் காட்டினார், இளநீரைக் காட்டினார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறினேன்.

"சிரிக்கறாருங்க" என்றாள் நிலூகா. "மாமனும் மருமகனும் நல்ல ஜோடிங்கறாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவர் உங்களைக் கையாட்டிக் கூப்பிட்டார். மாலினிக்கு ஒன்று, கவினுக்கு ஒன்று. நீங்கள் குடித்தீர்கள். கவின் தாடையெல்லாம் வழியவிட்டுக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்ததும் அவர் இன்னொன்றைச் சீவச் சொல்லிச் சைகை காட்டினார்.

திங்கட்கிழமை, உடம்பில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று எடை பார்த்த சிஸ்டர், "ஊருக்குப் போய்ட்டு வந்தும் தண்ணி கம்மியாத்தான் ஏறியிருக்குது, பரவால்லைங்களே" என்றார்.

அந்த மாதத்திலேயே அப்புச்சி போய்விட்டார். செய்தி வந்தபோது நான் இயந்திரத்தில் இருந்தேன், பாதி இரத்தம் வெளியே. உங்கள் அம்மா மட்டும் தனியாக ஊருக்குப் போனாள். சாவுக்கு ஒரு மருமகன் செய்ய வேண்டியது எதையும் நான் செய்யவில்லை. குருநாகல் மருத்துவமனையிலிருந்து இடம் கிடைத்திருக்கிறது என்று பதில் அதற்குப் பிறகு வந்தது.

எனக்கு இப்போது கிழமைகள் இல்லை. உடம்பில் தண்ணீர் ஏறும் நாள், இறங்கும் நாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் அடுத்த ஷிப்மென்டுக்குள் என்று கணக்குப் போட்ட மனசு, இப்போது அடுத்த ஊசி வரைதான் போகிறது. ஆனால் அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு கடலும் ஒரு மாமனாரும் அடங்கினார்கள். அது எனக்குத் தெரியும்.

இறந்து மூன்றாம் மாதம் அவர்கள் வழக்கப்படி கொடுக்கும் தானத்தை உங்கள் அம்மா இங்கேயே செய்தாள். பல்லடம் ரோட்டில் இளநீர் வாங்கி வந்து சீவி, அப்புச்சி படத்துக்கு முன்னால் ஒன்று வைத்தாள். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, "அப்பா உங்களுக்கு வெட்டிக் குடுத்ததா இருக்கட்டுங்க" என்று எனக்கு முன்னாலும் ஒன்று வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாமி கும்பிட்டு முடித்ததும் இரண்டையும் எடுத்து உங்களுக்குக் கொடுத்தேன். மெதுவாகக் குடியுங்கள் கண்ணுகளா. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.