இடப்பக்கம் வரவு

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. நான் அப்போது திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.காம். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஐம்பது அறுபது பையன்கள், நான் ஒருத்தி. தென்காசியிலிருந்து தினமும் காலை ரயிலில் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கணக்குப் படிப்பு?" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. நான் நின்று பதில் சொன்னதும் இல்லை. ரயில் போய்விடுமே!

அப்பாவுக்குத் தென்காசியில் மளிகைக் கடை. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு இன்னொரு கடை. நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், பழம், துண்டு எல்லாம் கிடைக்கும். அப்பாவின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால், பன்னிரண்டு வயதிலிருந்து இரண்டு கடைப் பேரேடும் என் கையில்தான். அந்தத் தைரியத்தில்தான் பி.காம். சேர்ந்தேன். மற்றவர்கள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது, நமக்குத் தெரியாத கணக்கா என்று நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பரீட்சை வந்தது. மளமளவென்று எழுதினேன். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி வேறு. கூட்டல் அத்தனையும் ஒரு பைசா பிசகாமல் வந்தது. கடைசி மணி அடிக்கும் முன்பே கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அடுத்த வாரம் தாள் கைக்கு வந்தது. முட்டை! பிள்ளையார் சுழியைக்கூட விடாமல் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார் பேராசிரியர். விஷயம் இதுதான். எங்கள் கடைப் பேரேட்டில் ஓர் ஆள் கொடுத்தது இடப்பக்கம், அதற்கு வரவு என்று பெயர். அவர் வாங்கிக்கொண்டு போனது வலப்பக்கம், அது பற்று. கல்லூரியில் சொல்லித்தரும் இங்கிலீஷ் முறையில் இது அப்படியே தலைகீழ். பற்று இடது, வரவு வலது. நான் முழுக்க முழுக்க எங்கள் கடைக் கணக்காகவே எழுதி வைத்திருந்தேன். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்படித் தப்புச் செய்ய வரும்.

பக்கம் மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். "பெண்களுக்கு இது வராது. வரவும் வேண்டாம்" என்றார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அதோடு நிற்காமல், என்னை பி.ஏ. வரலாற்றுக்கு மாற்றிக்கொள்ள அப்பா சம்மதிப்பதாகக் கல்லூரி முத்திரை குத்திய ஒரு கடிதமும் தயார் செய்து கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் அப்பா கையெழுத்தோடு வரவேண்டும். அன்று ரயிலில் நான் அழவில்லை. எனக்கு வந்தது அழுகையே இல்லை, ஆத்திரம்.

வீட்டில் முட்டை வாங்கியதைச் சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. நம் கடைப் பேரேடு மாதிரி எழுதித்தான் முட்டை வாங்கினேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, என்னத்துக்கு வம்பு? வாத்தியாரே சொல்லுதாரு. ஹிஸ்டரியப் படிச்சிட்டுப் போயேன்."

"மாட்டேன்ப்பா."

"அப்பம் வீட்டுல இரு."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை குற்றாலம் கடையில் உட்கார்ந்து அதைத் திரும்ப எடுத்து, மேசைமேல் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு படிக்கல்லை மேலே வைத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. பேனாவைத் தேடுவதும் வியாபாரம் பார்ப்பதுமாக இருந்தார்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் வகுப்பு குற்றாலத்துக்கு உல்லாசப் பயணம் வந்திருந்தது. பெண்பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது என்று என்னைச் சேர்க்கவில்லை. என் ஊர் அருவிக்கு என்னையே வரக்கூடாது என்றார்கள், எப்படி இருக்கிறது! பையன்கள் காலையிலிருந்து எங்கள் கடையில்தான் எண்ணெயும் பழமும் வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் பத்து ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, "மிச்சத்த எழுதிக்கிடுங்க அண்ணாச்சி, சார் வந்து தருவாரு" என்றான். உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் சாரே வந்தார், எனக்கு முட்டை போட்ட அதே பேராசிரியர். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து நெற்றிக்கு வழிகிற எண்ணெய், பின்னால் பத்துப் பன்னிரண்டு பையன்கள். வகுப்பில் கோட்டு போட்டே பார்த்த மனிதர்! என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து விட்டுக்கொண்டு அப்பாவிடம் மட்டும் பேசினார். குளித்ததும் பஸ் கிளம்பிவிடும், கணக்கை முடித்துவிடலாம் என்றார். தொகையைச் சொன்னதும் முகம் சுளித்தார்.

"அவ்வளவு இருக்காதே. கணக்கைக் காட்டுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பேரேட்டை சார் பக்கம் திருப்பி வைத்தேன். இடப்பக்கம் வரவு, பத்து ரூபாய். வலப்பக்கம் பற்று, பையன்கள் வாங்கிய ஒவ்வொரு சாமானும். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் விரலால் ஓட்டிப் படித்தார். கீழேயிருந்து மேலே ஒரு தடவை கூட்டினார். பத்து ரூபாயைக் கழித்தார்.

"சரி, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பணத்தை வைத்தார்.

அவ்வளவுதான், என் வாய் நிற்கவில்லை. "சார், இதே மாதிரி எழுதினதுக்குத்தான் எனக்கு முட்டை போட்டீங்க."

அப்பா, "என்னட்டி சொல்லுத?" என்று எழுந்தே விட்டார்.

"நம்ம பேரேடு மாதிரி வரவ இடப்பக்கம் எழுதிட்டேன்ப்பா. அதுக்குத்தான் வராதுன்னு சொல்லி வகுப்ப மாத்தச் சொல்லுதாரு."

சாரின் முகம் சிவந்துவிட்டது. "பல்கலைக்கழகப் பரீட்சையில இங்கிலீஷ் முறையிலதான் எழுதணும். பரீட்சை உங்க கடையில நடக்காது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் விடுவதாக இல்லை.

"எழுதுதேன் சார். பக்கத்த மாத்தி எழுத எனக்கு ஒரு நாள் போதும். அத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு வராதுன்னு சொன்னீங்கள்லா, அத மட்டும் நான் ஒத்துக்கிடவே மாட்டேன்."

அப்பா படிக்கல்லை நகர்த்திக் கடிதத்தை எடுத்தார். கையெழுத்துதான் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கூம்பு மாதிரிச் சுருட்டி, டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி சீயக்காய்த்தூளைப் போட்டு, வாயை மடக்கிப் பொட்டலமாக்கி, சாரிடம் நீட்டினார்.

"தலையில எண்ணெய் இருக்குல்லா சார், தேச்சுக் குளிங்க. இதுக்குத் துட்டு வேண்டாம்."

கல்லூரி முத்திரை பொட்டலத்தின் வெளிப்பக்கத்திலேயே தெரிந்தது. சார் அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு அருவியைப் பார்த்து நடந்தார். பின்னால் பையன்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் போனார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, "நம்ம கணக்குக்கா முட்டை போட்டாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு அடுத்த ஆளுக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, திறக்காத அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்தேன். திங்கட்கிழமை கடிதம் இல்லாமல் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். சார் கடிதத்தைக் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, மூன்று வருஷமும் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பையன்கள் எனக்குச் 'சீயக்காய்' என்று பட்டம் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும்! கடைசி வருஷம் அந்த 'சீயக்காய்' நோட்டை வாங்கித்தான் பாதிப்பேர் காப்பியடித்தார்கள்.

அதற்குப் பிறகு தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை இங்கிலீஷ் முறையில்தான் எழுதினேன், ஒரு நாள்கூடப் பக்கம் மாறவில்லை. ஆனால் என் வீட்டுக் கணக்கு நோட்டில் இன்றைக்கும் உச்சியில் பிள்ளையார் சுழி, இடப்பக்கம் வரவு. அதற்கு முட்டை போடுகிற ஆளை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.